இரண்டு சர்வர் வாங்கினால் கிளஸ்டர் ஆகிவிடுமா?

கேள்வி: பில்லிங், சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் இணையதளம் மூன்றும் ஒரே சர்வரில் ஓடுகின்றன. அது நின்றால் நிறுவனமே நிற்கிறது. இன்னொரு சர்வர் வாங்கிக் கிளஸ்டர் போட்டால் இனி நிற்காது, வேகமும் இரட்டிப்பாகும் என்கிறார்கள். உண்மையா? என்னென்ன தேவைப்படும்?

பதில்:

கிளஸ்டர் என்பது பல சர்வர்களை ஒரே அமைப்பாக இணைத்து, ஒன்று விழுந்தால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும்படி வைப்பது. நிற்காமல் ஓடுவதும் அதிகச் சுமையைத் தாங்குவதும் வெவ்வேறு தேவைகள். இரண்டாவது சர்வர் முதல் தேவைக்கென்று வாங்கப்பட்டால், அதன் சக்தியை அன்றாட வேலைக்குச் செலவழிக்க முடியாது. இரண்டும் தலா 80 சதவீதச் சுமையில் ஓடுகின்றன என்று வையுங்கள். ஒன்று விழுந்தால் மீதமுள்ளது 160 சதவீதத்தைச் சுமக்க வேண்டும், அதுவும் விழும். ஆகவே உச்ச நேரத்திலும் இரண்டு சர்வர் என்றால் தலா 50 சதவீதம், மூன்று என்றால் தலா 66, நான்கு என்றால் 75 என்பதுதான் எல்லை. இந்தக் கணக்கைப் போடாமல் வாங்கியவர்கள் சுமை குறைந்த நாட்களில் மட்டும் பாதுகாப்பாக இருக்கிறார்கள்.

விற்பனையாளர்கள் காட்டும் இன்னொரு கணக்கு இது: ஒரு சர்வர் 99 சதவீத நேரம் ஓடும், அதாவது ஆண்டுக்கு 87.6 மணி நேரம் நிற்கும். இரண்டு வைத்தால் 99.99 சதவீதம், ஆண்டுக்கு 53 நிமிடத்துக்கும் குறைவு. பெருக்கல் சரிதான். ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் பழுதாகும் என்ற நிபந்தனை அதற்குள் இருக்கிறது. இரண்டும் ஒரே நெட்வொர்க் சுவிட்ச், ஒரே யூபிஎஸ், ஒரே ஸ்டோரேஜ் பெட்டி, ஒரே ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் இருக்கும் மென்பொருள்) என்றால் அந்த நிபந்தனை பொய்யாகிறது. 2019 நவம்பரில் சர்வர் தயாரிக்கும் ஹெச்பிஈ நிறுவனம் தன் சில எஸ்எஸ்டி (சில்லுகளாலான சேமிப்பு வட்டு) வகைகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழக்கும் என்று அறிவித்து, ஃபர்ம்வேர் திருத்தம் வெளியிட்டது. ஒரே நாளில் பொருத்திய வட்டுகள் ஒரே மணி நேரத்தில் போகும் நிலை. ரெய்டும் (பல வட்டுகளில் தரவைப் பரப்பிக் காக்கும் முறை) கிளஸ்டரும் அங்கே உதவாது. முடிந்தால் இரு சர்வர்களுக்கும் வட்டுகளை வெவ்வேறு தொகுப்பிலிருந்து எடுங்கள்; ஃபர்ம்வேரையும் மென்பொருளையும் ஒரே இரவில் இரண்டிலும் புதுப்பிக்காதீர்கள்.

இனி மையமான விஷயம். டேட்டாபேஸில் இந்த நொடி எழுதும் உரிமை யாருக்கு என்பதில் எப்போதும் ஒரே ஒரு முடிவு இருக்க வேண்டும். கிளஸ்டர் மென்பொருளின் தலையாய வேலை அதுதான். இரண்டு சர்வர்களுக்கு இடையிலுள்ள கேபிள் அறுந்தால், ஒவ்வொன்றுக்கும் மற்றது செத்துவிட்டதாகத்தான் தெரியும். செத்த சர்வரையும் தொடர்பு அறுந்த சர்வரையும் தூரத்திலிருந்து பிரித்தறிய வழியே இல்லை. இரண்டும் தானே தலைமை என்று எழுத ஆரம்பித்தால் அதற்குப் பெயர் ஸ்பிளிட் பிரெய்ன். இருபுறமும் தனித்தனி பில்கள், தனித்தனி இருப்பு. சர்வர் ஒரு மணி நேரம் நின்றால் ஒரு மணி நேர வேலை போகும். ஸ்பிளிட் பிரெய்ன் பத்து நிமிடம் நீடித்தால், எந்தப் பதிவு உண்மை என்று ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க நாட்கள் ஆகும். அதனால்தான், அரைகுறையாக அமைத்த இரு சர்வர் கிளஸ்டரை விட நல்ல ஒற்றைச் சர்வரே மேல் என்பேன்.

இதைத் தடுக்க இரண்டு ஏற்பாடுகள் வேண்டும்: பெரும்பான்மை வாக்கு, ஃபென்சிங் (பதிலளிக்காத சர்வரை அணைப்பது). ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்க வேண்டாம்.

ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு வாக்கு; பெரும்பான்மை உள்ள பக்கம் மட்டுமே தொடர்ந்து ஓடும். பெரும்பான்மை என்பது பாதிக்கு மேற்பட்ட வாக்கு. மூன்று வாக்கில் 2, நான்கில் 3, ஐந்தில் 3. ஆகவே மூன்றும் ஒரு இழப்பைத்தான் தாங்கும், நான்கும் ஒரு இழப்பைத்தான் தாங்கும். ஐந்து இரண்டைத் தாங்கும். இரண்டு வாக்கில் பெரும்பான்மை 2 என்பதால், ஒன்று போனாலே மற்றதும் நிற்க வேண்டும். இதைத் தவிர்க்க, சர்வர்கள் தமக்குள் பேசவும் வாக்கெண்ணவும் உதவும் கோரோசிங்க் என்ற கிளஸ்டர் மென்பொருளில் இரு சர்வருக்கென்றே ஒரு அமைப்பு உண்டு. அதில் ஒரு வாக்கே போதும். ஆனால் கேபிள் அறுந்தால் இருவருக்கும் அது போதும் என்பதால், யார் யாரை முந்தி அணைப்பது என்ற பந்தயமாக முடியும்.

நல்ல வழி, வாக்களிக்க மட்டும் மூன்றாவது ஒரு சிறிய இயந்திரம். கோரோசிங்க்கில் கியூடிவைஸ் என்றும் விண்டோஸ் ஃபெயில்ஓவர் கிளஸ்டரில் விட்னஸ் என்றும் சொல்வார்கள். ஒரு கோர், சில நூறு எம்பி நினைவகம் போதும். அது எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். இரண்டு சர்வர்களில் ஒன்றுக்குள் விர்ச்சுவல் மெஷினாக (மென்பொருளால் உருவாக்கிய கணினியாக) அதை வைப்பது அடிக்கடி காணும் பிழை; அந்தச் சர்வர் போனால் இரண்டு வாக்கு சேர்ந்து போகும். வேறு மின் இணைப்பு, வேறு சுவிட்ச், முடிந்தால் வேறு கட்டடம். இரு அலுவலகங்களில் பரப்புவோர் முதல் இடத்தில் இரண்டு, அடுத்ததில் ஒன்று என்று வைக்கிறார்கள். முதல் இடம் மொத்தமாகப் போனால் இரண்டாம் இடத்துக்குப் பெரும்பான்மை கிடையாது, எதுவும் தானாக எழாது. வாக்குக்கென்று மூன்றாவது இடம் ஒன்று வேண்டும். பொது கிளவுடில் ஒரு சிறு மெஷின் இதற்கு நன்றாகப் பொருந்தும்.

ஃபென்சிங் என்றால், பதிலளிக்காத சர்வரின் மின்சாரத்தைத் துண்டித்து, அது இனி எழுதாது என்று உறுதிசெய்த பிறகே அதன் வேலையை மற்றது எடுத்துக்கொள்வது. கோரோசிங்க்கோடு சேர்ந்து சேவைகளை நிர்வகிக்கும் பேஸ்மேக்கர் மென்பொருளில் இதன் பெயர் ஸ்டோனித்; இயல்பாகவே இயங்கு நிலையில்தான் வரும். ஆனால் பல செய்முறைக் குறிப்புகள் முதல் படியிலேயே இதை அணைக்கச் சொல்கின்றன, அணைத்தால்தான் பிழைச் செய்திகள் மறையும் என்பதற்காக. சோதனைக் கூடத்தில் செய்யலாம். பணமும் சரக்கும் பதிவாகும் இடத்தில் செய்யவே கூடாது.

ஃபென்சிங் தோற்கும் இடங்கள் சில உண்டு. சர்வரைத் தூரத்திலிருந்து கட்டுப்படுத்தும் ஐலோ, ஐடிராக் போன்ற மேலாண்மைச் சில்லு வழியாக அணைக்கிறீர்கள் என்றால், அந்தச் சில்லும் அதே சர்வரின் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. சர்வருக்கு மின்சாரமே போய்விட்டால் சில்லும் பதில் தராது. அணைத்ததை உறுதிசெய்ய முடியாமல் கிளஸ்டர் காத்துக்கொண்டே நிற்கும். ஆகவே இரண்டாம் கட்டமாக, ரேக்கிலுள்ள பிடியூ (சர்வர்களுக்கு மின்சாரத்தைப் பகிரும் பலகை) வழியாக மின் இணைப்பை வெட்டும் வழியும் வேண்டும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சர்வரில் இரண்டு பவர் சப்ளை இருந்தால், இரண்டு முனைகளையும் அணைத்த பிறகே எதையும் திரும்பப் போட வேண்டும். ஒன்றை அணைத்துப் போட்டு, பிறகு அடுத்ததை அணைத்துப் போடும்படி எழுதியிருந்தால் சர்வர் ஒரு கணம்கூட நிற்காது. கிளஸ்டரோ அது நின்றதாக நம்பும்.

இரு சர்வரும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று அணைக்காமலிருக்க, ஒன்றின் ஃபென்சிங் சாதனத்துக்கு மட்டும் சில வினாடித் தாமதம் கொடுங்கள். அந்தத் தாமதம் கொடுக்கப்பட்ட சர்வரை அணைக்கத்தான் நேரம் எடுக்கும், அதனால் அது பிழைக்கும். டேட்டாபேஸ் வழக்கமாக இருக்கும் சர்வருக்கே அதைக் கொடுப்பது நல்லது. அணைக்கப்பட்டு மீண்டும் எழும் சர்வரில் கிளஸ்டர் சேவை தானாகத் தொடங்காதபடி விடுங்கள். என்ன நடந்தது என்று ஒரு மனிதர் பார்த்த பிறகு கையால் தொடங்கலாம்.

டோக்கன் நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். சர்வர்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் இதயத்துடிப்புச் செய்தி வராவிட்டால், மற்றது செத்ததாகக் கருதும் முன் காத்திருக்கும் நேரம் அது. கோரோசிங்க் 3.1 முதல் இயல்பு மதிப்பு 3000 மில்லிவினாடி. அதற்கு முன் 1000. விர்ச்சுவல் மெஷின்களில் ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்தின் பிரதி) எடுக்கும்போதோ, மெஷின் ஒரு ஹோஸ்டிலிருந்து (அதைத் தாங்கும் சர்வரிலிருந்து) இன்னொன்றுக்கு நகரும்போதோ சில வினாடி உறைவது உண்டு. அந்த நேரத்துக்குள் டோக்கன் காலாவதியானால் நலமாக இருக்கும் சர்வர் அணைக்கப்படும். கிளஸ்டர் தினமும் இரவு இரண்டு மணிக்குத் தடுமாறுகிறது என்றால், முதலில் பேக்கப் நேரத்தைப் பாருங்கள்: பேக்கப் போகும் அதே கேபிளில் இதயத்துடிப்புச் செய்தியும் போய்க்கொண்டிருக்கும். கிளஸ்டர் பேச்சுக்கென்று தனி நெட்வொர்க் இணைப்பு ஒன்றும், மாற்றாக இன்னொன்றும் கொடுங்கள். அதற்கு வினாடிக்கு 1 ஜிகாபிட் வேகமே தாராளம். தேவைப்படுவது சீரான தாமதம், 5 மில்லிவினாடிக்குள்.

இனி டேட்டாபேஸ். உங்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால், தலைமையை மாற்றித் தரும் பேட்ரோனியும், யார் தலைமை என்ற பதிவைக் காக்கும் எட்சிடியும் சேர்ந்த அமைப்பையே பரிந்துரைப்பேன். எட்சிடி மூன்று இயந்திரங்களிலும், போஸ்ட்கிரெஸ் பெரிய இரண்டில் மட்டும். பிரைமரி, அதாவது எழுதும் உரிமையுள்ள டேட்டாபேஸ், தன் உரிமைச் சீட்டை எட்சிடியில் தொடர்ந்து புதுப்பிக்கும். புதுப்பிக்க முடியாவிட்டால் தானே பதவி இறங்கும். இயல்பு மதிப்புகளில் சீட்டின் ஆயுள் 30 வினாடி, சுற்று (சீட்டைப் புதுப்பிக்கும் இடைவெளி) 10 வினாடி, மறுமுயற்சி 10 வினாடி. ஆயுளைக் குறைக்க விரும்பினால், சுற்றையும் மறுமுயற்சியின் இரு மடங்கையும் கூட்டி வரும் எண்ணுக்குக் கீழே போகாதீர்கள். பேட்ரோனி செயலே உறைந்துவிட்டால் பதவி இறங்க ஆளில்லை என்பதால், வாட்ச்டாக் சாதனத்தையும் இயக்கிவிடுங்கள். உறைந்த சர்வரை அது தானே மறுதொடக்கம் செய்யும்.

எட்சிடிக்கு வட்டு மிக முக்கியம். ஒவ்வொரு எழுத்தும் வட்டில் நிலைபெற்ற பிறகே அது அடுத்ததற்குப் போகும். அந்த நேரம் நூற்றில் 99 முறை 10 மில்லிவினாடிக்குள் இருக்க வேண்டும். வீட்டுக் கணினிக்கான எஸ்எஸ்டிகளில் பெரும்பாலும் மின்தடைப் பாதுகாப்பு மின்தேக்கி இருக்காது. நிலைபெறச் செய்யும் கட்டளை வந்தால் அவை திடீரென்று மெதுவாகும். எட்சிடியின் இதயத்துடிப்பு 100 மில்லிவினாடி, தேர்தல் காலக்கெடு 1000. வட்டு ஒரு வினாடி திணறினால் தலைவர் மாறுவார், காரணமே இல்லாமல். வாக்குக்கென்று வைத்த சிறிய மூன்றாம் இயந்திரத்திலும் இதை மறக்க வேண்டாம்.

தரவு ரெப்ளிகாவுக்கு, அதாவது பிரைமரியின் பிரதிக்கு, போவதில் இரண்டு முறைகள். ஒத்திசைவில்லாத முறையில், பிரைமரி காத்திருக்காமல் வாடிக்கையாளருக்குச் சரி என்று சொல்லிவிடும். அது திடீரென்று போனால் கடைசிச் சில பதிவுகள் இல்லாமல் போகலாம். ஒத்திசைந்த முறையில் ரெப்ளிகா எழுதிய பிறகே சரி என்று வரும். ஒவ்வொரு கமிட்டிலும் (பதிவை உறுதிசெய்யும் படியிலும்) நெட்வொர்க்கின் போய்வரும் நேரம் கூடும். பில்லிங்குக்கு இரண்டாவதுதான். ஆனால் ஒத்திசைந்த ரெப்ளிகா ஒன்றே ஒன்று இருந்து அது நின்றால், போஸ்ட்கிரெஸ் கமிட்டுகள் காத்துக்கொண்டே நிற்கும்: பாதுகாப்புக்கு வைத்த ரெப்ளிகாவே நிறுத்தத்துக்குக் காரணமாகும். இரண்டு ரெப்ளிகா வைத்து, ஏதாவது ஒன்று ஒப்புக்கொண்டால் போதும் என்று அமைக்கலாம்; பதிப்பு 10 முதல் இந்த வசதி உண்டு. ஒரே ரெப்ளிகா என்றால், அது இல்லாத நேரத்தில் ஒத்திசைவைத் தளர்த்துவதா வேண்டாமா என்பதை நிறுவனம் முன்கூட்டியே முடிவெடுத்து எழுதி வைக்க வேண்டும். அந்த முடிவை நிர்வாகம் எடுக்கட்டும், தொழில்நுட்பப் பிரிவு தனியாக எடுக்க வேண்டாம்.

இது ஏட்டுப் பிரச்சினை அல்ல. 2018 அக்டோபர் 21இல் மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பின் ஒரு டேட்டா சென்டருக்கும் நெட்வொர்க் மையத்துக்கும் இடையே 43 வினாடிதான் தொடர்பு அறுந்தது. அதற்குள் தானியங்கி மென்பொருள் டேட்டாபேஸ் தலைமையை அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு மாற்றியது. கிழக்கில் சில வினாடிகளுக்கு எழுதப்பட்டவை மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. மேற்கில் புதிதாக எழுதப்பட்டவை கிழக்கில் இல்லை. தரவைச் சிதைக்காமல் இரண்டையும் ஒன்றுசேர்க்க, சேவை 24 மணி 11 நிமிடம் குறைபாட்டோடு இருந்தது. தூரத்து இடத்துக்குத் தலைமையைத் தானாக மாற்ற விடாதீர்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஒரே கட்டடத்துக்குள் தானாக மாறட்டும்; ஊர் தாண்டுவதை மனிதர் முடிவு செய்யட்டும்.

டேட்டாபேஸ் 30 வினாடியில் மாறிவிட்டது, ஆனால் பயன்பாடு கால் மணி நேரம் உறைந்து நின்றது என்ற புகாருக்குக் காரணம், நெட்வொர்க் இணைப்புகளைக் கையாளும் டிசிபி நெறிமுறை. பழைய சர்வர் சொல்லாமல் மறைந்து, அதன் முகவரியையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்றால், லினக்ஸ் பதில் வராத தரவை இயல்பாக 15 நிமிடத்துக்கு மேல் மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்க்கும். சும்மா இருக்கும் இணைப்புக்கு முதல் உயிர்ச் சோதனையே 2 மணி நேரம் கழித்துத்தான். பயன்பாட்டின் டேட்டாபேஸ் இணைப்பில் இந்த நேரங்களை 10 முதல் 30 வினாடிக்குள் கொண்டுவாருங்கள். அறுந்தால் மறுபடி இணைய முயலும்படியும் நிரல் இருக்க வேண்டும். ஃபெயில்ஓவர் (வேலை மற்ற சர்வருக்கு மாறுவது) நேரம் என்பது கண்டுபிடிக்கும் நேரம், அணைக்கும் நேரம், டேட்டாபேஸ் எழும் நேரம், பயன்பாடு திரும்ப இணையும் நேரம் எல்லாம் சேர்ந்தது.

பயன்பாட்டு அடுக்கு (இணையதளம், பில்லிங் நிரல்கள் ஓடும் பகுதி) இதைவிட எளிது. கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பகிரும் ஹெச்ஏபிராக்ஸி இரண்டு, அவற்றுக்கு முன் கீப்அலைவ்டி மென்பொருள் தரும் ஒரு பொது முகவரி. கீப்அலைவ்டி ஒரு வினாடிக்கு ஒரு அறிவிப்பு அனுப்பும். மூன்று வராவிட்டால் மற்றது முகவரியை எடுக்கும், ஏறக்குறைய 3 முதல் 4 வினாடி. ஒரே நெட்வொர்க்கில் வேறு யாரோ அதே விஆர்ஆர்பி எண்ணை (கீப்அலைவ்டி இணையை அடையாளம் காட்டும் எண்) வைத்திருந்தால் இரண்டு அமைப்பும் சண்டையிடும். எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முன் நெட்வொர்க் பொறுப்பாளரிடம் கேளுங்கள். கிளவுடில் பொதுவாக இந்த முறை வேலை செய்யாது, அவர்கள் தரும் லோடு பேலன்சரையே பயன்படுத்த வேண்டும். ஹெச்ஏபிராக்ஸியின் நலச் சோதனை இயல்பாக 2 வினாடிக்கு ஒருமுறை, மூன்று தோல்விக்குப் பின் விலக்கும். அந்தச் சோதனைப் பக்கம் டேட்டாபேஸையும் தொட்டுப் பார்க்கும்படி எழுதாதீர்கள்: டேட்டாபேஸ் மாறும் சில வினாடிகளில் நலமான பயன்பாட்டுச் சர்வர்கள் எல்லாமே விலக்கப்பட்டு, தளம் முழுதும் இருட்டாகும்.

ஒற்றைச் சர்வருக்கென்று எழுதிய மென்பொருளை இரண்டில் ஓட்டும் முன் மூன்றைப் பாருங்கள். உள்நுழைவு அமர்வு சர்வரின் நினைவகத்தில் இருக்கிறதா? பயனர் பதிவேற்றும் கோப்புகள் உள்ளூர் வட்டில் விழுகின்றனவா? நேரம் குறித்து ஓடும் வேலைகள் இரண்டிலும் ஓடுமா? மூன்றாவதுதான் கண்ணில் படாமல் தப்பும். வாடிக்கையாளருக்கு ஒரே பில் இரண்டு முறை போன பிறகுதான் தெரியவரும். மென்பொருளை மாற்ற வழியில்லை என்றால், அதை விர்ச்சுவல் மெஷினாக்கி அத்தகைய மெஷின்களை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் போன்ற மென்பொருளுள்ள மூன்று சர்வர் கிளஸ்டரில் வைக்கலாம். ஹோஸ்ட் விழுந்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் வேறொன்றில் மெஷின் தானாக எழும். பல நிறுவனங்களுக்கு இதுவே போதும்.

வேகம் கூடுமா என்பதற்கு வருகிறேன். பயன்பாட்டு அடுக்கில் சர்வர் சேர்த்தால் கூடும். டேட்டாபேஸில் படிப்பதை ரெப்ளிகாக்களுக்குப் பிரிக்கலாம். ஆனால் ரெப்ளிகா சற்றுப் பின்தங்கியிருக்கும் என்பதால், பில் போட்ட உடனே அதைத் தேடினால் இல்லை என்று வரும். எழுதியவுடன் படிப்பதைப் பிரைமரிக்கே அனுப்புங்கள். எழுதும் வேகம் சர்வர் சேர்ப்பதால் அதிகரிக்காது. எல்லாச் சர்வரிலும் எழுதலாம் என்ற கலேரா டேட்டாபேஸ் கிளஸ்டரிலும் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு சர்வரிலும் நடந்தாக வேண்டும், மிக மெதுவான சர்வரின் வேகத்துக்கே எல்லாம் இறங்கும். சர்வர் வாங்கும் முன் டேட்டாபேஸின் மெதுவான வினவல்களையும் இண்டெக்ஸ்களையும் (தேடலை விரைவாக்கும் அட்டவணைகள்) ஒரு வாரம் பாருங்கள். பல இடங்களில் அங்கேயே தீரும். இணைப்பு எண்ணிக்கையையும் கூட்டிப் பாருங்கள்: போஸ்ட்கிரெஸின் இயல்பு எல்லை 100. தலா 50 இணைப்பு திறக்கும் நான்கு பயன்பாட்டுச் சர்வர்கள் 200 கேட்கும். நடுவில் இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் வைத்தால் சரியாகும்.

ஆக உங்கள் நிலைக்கு வேண்டியவை: பெரிய சர்வர் 2, வாக்குக்குச் சிறியது 1, சுவிட்ச் 2, தனித்தனி மின் இணைப்பும் யூபிஎஸ்ஸும் 2, பிடியூ 2, ஒவ்வொரு பெரிய சர்வரிலும் நான்கு நெட்வொர்க் வாய்கள், இரண்டு பவர் சப்ளைகள், மின்தடைப் பாதுகாப்புள்ள எஸ்எஸ்டிகள். எல்லாவற்றின் நேரமும் ஒத்திருக்க க்ரோனி மென்பொருள். இவற்றோடு, கிளஸ்டருக்கு வெளியே ஒரு பேக்கப் சர்வர். ரெப்ளிகா பேக்கப் ஆகாது. தவறான நீக்கல் கட்டளை ஒரு வினாடிக்குள் ரெப்ளிகாவிலும் நடந்து முடியும். 2017 ஜனவரி 31இல், கிட்ஹப் போன்ற தளமான கிட்லேப்பில் பிரைமரி டேட்டாபேஸின் கோப்பகம் தவறுதலாக அழிந்தபோது, வழக்கமான பேக்கப்கள் தோற்றுக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. காப்பாற்றியது ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு தேவைக்காக எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்.

வேலைக்கு விடும் முன் சோதியுங்கள், சேவையை முறையாக நிறுத்தி அல்ல. முறையாக நிறுத்தினால் கிளஸ்டர் எப்போதும் அழகாக மாறும். மின் கேபிளைப் பிடுங்குங்கள். கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) செயலிழக்கச் செய்யுங்கள். ஒரு சுவிட்சை அணையுங்கள். வட்டை நிரப்புங்கள். கிளஸ்டர் இணைப்பை மட்டும் ஃபயர்வாலில் இருபுறமும் அடைத்து, சரியாக ஒரு சர்வர் மட்டும் அணைகிறதா என்று பாருங்கள். கடைசியாக எல்லாவற்றையும் அணைத்து, ஒன்றுமில்லாத நிலையிலிருந்து எழுப்பிப் பாருங்கள். பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரே கிளஸ்டருக்குள் ஓடும் விர்ச்சுவல் மெஷின் என்றால், கிளஸ்டர் எழ டிஎன்எஸ் வேண்டும், டிஎன்எஸ் எழ கிளஸ்டர் வேண்டும் என்ற முடிச்சு இங்கேதான் வெளிப்படும். கிளஸ்டர் அமைப்புகளில் பெயருக்குப் பதில் ஐபி முகவரி எழுதினால் அவிழும். இந்தச் சோதனைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது திரும்பச் செய்யுங்கள்.

கண்காணிப்பில், தளம் ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. ஒரு சர்வர் மூன்று வாரத்துக்கு முன்பே போயிருக்கும், மற்றது ஓட்டிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. உயிரோடுள்ள வாக்குகளின் எண்ணிக்கை, ரெப்ளிகாவின் பின்னடைவு, ஃபென்சிங் சாதனத்தில் உள்நுழைய முடிகிறதா, பவர் சப்ளைகளில் இரண்டும் ஓடுகின்றனவா, சான்றிதழ்களின் காலாவதி நாள், கடைசியாக மீட்டுப் பார்த்த பேக்கப்பின் தேதி ஆகிய ஆறுக்கும் எச்சரிக்கை வையுங்கள். ஐலோ, ஐடிராக் கடவுச்சொல்லை யாராவது மாற்றினால் ஃபென்சிங் அமைதியாகச் செத்துவிடும், தேவைப்படும் நாள்வரை அது வெளியே தெரியாது. ஆகவே அந்த உள்நுழைவுச் சோதனை மட்டும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக ஓடட்டும்.